கூடி வாசித்தல்: கவிதை வட்டங்கள் குறித்த கேள்வி-பதில்

கவிதை வாசிப்பு வட்டம் நடத்துவோரும் அதில் கலந்துகொள்வோரும் சில மாதங்களாகத் தொடர்ந்து எழுதிவருவதால், இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால், எல்லாருடைய விவரங்களையும் தவிர்த்துவிட்டோம்.

கேள்வி: எங்கள் வட்டத்தில் 9 பேர் இருக்கிறோம். மாதம் ஒருமுறை கூடி, ஆளுக்கு ஒரு கவிதை வாசிக்கிறோம். ஒவ்வொரு கவிதையும் முடிந்தவுடன் "அருமை", "நெஞ்சைத் தொட்டது" என்று ஓரிரு குரல்கள் எழுகின்றன. பிறகு ஓர் அமைதி. உடனே அடுத்த கவிதை. கலந்துரையாடல் என்று சொல்லி அழைத்துவிட்டு இப்படி முடிவது வருத்தமளிக்கிறது. பேச்சை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: 9 பேருக்கு 9 கவிதை என்னும் கணக்கிலேயே உங்கள் சிக்கல் தொடங்கிவிடுகிறது. ஒரு கவிதை காதில் விழுந்து மனத்தில் தங்குவதற்குள் அடுத்தது வந்துவிட்டால், கேட்பவரிடம் எஞ்சுவது "அருமை" என்னும் ஒரு சொல்தான். ஒரு கூட்டத்துக்கு இரண்டு கவிதைகள் போதும். மூன்றாவதை இருப்பில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, எந்தக் கவிதையையும் ஒருமுறை மட்டும் வாசித்துவிட்டுப் பேசத் தொடங்காதீர்கள். முதல் வாசிப்பில் காது ஓசையைத்தான் பிடிக்கிறது. இரண்டாம் வாசிப்பை வேறொருவர் செய்யட்டும். அவர் நிறுத்தும் இடமும் அழுத்தும் சொல்லும் முதலாமவருடையவற்றிலிருந்து மாறுபடும். அந்த மாறுபாடே பேச்சுக்கு முதல் பொருளைத் தந்துவிடும். "நீங்கள் அந்த வரியைக் கேள்வியாக வாசித்தீர்கள், அவர் முடிவாக வாசித்தாரே" என்று யாராவது சொல்லிவிட்டால், ஒருங்கிணைப்பாளருக்கு அதன் பிறகு பெரிய வேலை இருக்காது.

அப்படியும் அமைதி நீடித்தால், "இந்தக் கவிதை உங்களுக்கு என்ன சொல்கிறது?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி கேட்பவரை மேடையேற்றிவிடுகிறது; எதையாவது பெரிதாகச் சொல்ல வேண்டுமே என்ற அச்சத்தில் அவர் வாயை மூடிக்கொள்கிறார். தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளாக 34-ஐ எண்ணும்போது கூற்று, கேட்போர், களன், காலம் என்னும் நான்கையும் அடுத்தடுத்து வைக்கிறது. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்த இடத்தில், எந்தப் பொழுதில் என்னும் இந்த நான்கு கேள்விகளுக்கும் கவிதைக்குள்ளேயே விடை தேட வேண்டியிருப்பதால், கூச்சப்படுபவரும் பேசத் தொடங்குவார்.

குறுந்தொகையின் 40-ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். "யாயும் ஞாயும் யாரா கியரோ" என்று தொடங்கும் அந்த ஐந்தடிப் பாடல் மேடைகளில் மேற்கோளாகி மேற்கோளாகி, அதைக் கேட்டவுடன் தலையசைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும் அளவுக்கு நமக்குப் பழகிவிட்டது. அதை உங்கள் வட்டத்தில் வைத்து, "இது யார் கூற்று? கேட்பவர் ஏன் கேட்க நேர்ந்தது?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். இருவரும் கூடிய பிறகு, இவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் முகக்குறிப்பைக் கண்டு தலைவன் கூறியது என்கிறது, பாடலின் சூழலைச் சொல்லும் அதன் துறைக்குறிப்பு. அஞ்சி நிற்கும் ஒருத்தியிடம் சொல்லப்படுவது என்று தெரிந்தவுடன், பாடலின் முதல் மூன்று அடிகளும் வேறு முகம் காட்டுகின்றன. உன் தாயும் என் தாயும் யாரோ, தந்தையர் எவ்வழி உறவினரோ, நீயும் நானும் எப்படி அறிந்தோம் என்று அவன் அடுக்குவது, அவளுடைய அச்சத்துக்கான காரணங்களையே அல்லவா? அவள் சொல்லாமல் நின்றதை அவனே சொல்லிவிட்டு, செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரைக் காட்டி, நெஞ்சங்கள் "தாம்" கலந்தன என்று முடிக்கிறான். அந்தத் "தாம்" என்னும் சொல்லில் நம்மைக் கேட்காமல் தாமாகவே கலந்தன என்னும் பொருள் இருக்கிறதா? கலங்கிய நீரை மண்ணிலிருந்து பிரிக்க முடியாது என்பது ஆறுதல்தான். ஆனால் அதே மழை கரிசல் நிலத்தில் பெய்திருந்தால் வேறு நிறம் கொண்டிருக்குமே என்று தலைவி நினைத்தால் அவன் என்ன சொல்வான்? இவற்றுக்கு நான் விடை எழுதப்போவதில்லை. இரண்டு மணி நேரம் பேசுவதற்கு இந்த ஐந்து அடிகளில் இடமிருக்கிறது என்பதைக் காட்டுவதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.

கேள்வி: எந்தக் கவிதையை வாசித்தாலும் அதைத் தம் சொந்த வாழ்க்கையோடு இணைத்து நீண்ட நேரம் பேசும் நண்பர் ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். மூத்தவர், நல்லவர். அவரை எப்படித் தடுப்பது?

பதில்: தடுக்க வேண்டாம், திருப்பிவிடுங்கள். இந்தக் குற்றத்தை நானும் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில், விளக்கு என்னும் ஒரு சொல் வந்த கவிதையை முன்வைத்து, என் பாட்டியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். முடித்தவுடன் ஒருவர் மிகவும் பணிவாக, "ஐயா, அந்தப் பாட்டி எந்த வரியில் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். நான் கவிதைத் தாளைப் பார்த்தேன். அந்தக் கவிதையில் விளக்கு ஏற்றப்படவே இல்லை. அணைந்த விளக்கைப் பற்றிய கவிதை அது.

சொந்த அனுபவம் கவிதைக்குள் நுழைவதற்கான வாசல். அதை அடைத்துவிட்டால் வட்டம் வகுப்பறையாகிவிடும். ஆனால் உள்ளே நுழைந்தவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தால் பின்னால் வருபவர்களுக்கு வழி இல்லை. உங்கள் மூத்த நண்பர் மூச்சு வாங்கும் இடத்தில், "இந்த நினைவை உங்களுக்குக் கொண்டுவந்த சொல் எது?" என்று ஒருங்கிணைப்பாளர் கேட்கலாம். அவர் அந்தச் சொல்லைச் சுட்டியவுடன் பேச்சு மறுபடி கவிதைக்குத் திரும்பிவிடும். அவருக்கும் மனக்குறை இராது. இந்தக் கேள்வியை அவரிடம் மட்டும் கேட்டால் அது கண்டிப்பு போலத் தோன்றும் என்பதால், எல்லாரிடமும் கேட்கும் வழக்கமாக அதை ஆக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கவிதையை வாசிக்கும் முன்பே கவிஞரின் பெயரையும் வரலாற்றையும் சொல்லிவிட வேண்டுமா? எங்களுக்குள் இதில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன.

பதில்: சொல்ல வேண்டும், ஆனால் முன்பே சொல்ல வேண்டாம். ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்னும் ஆங்கிலத் திறனாய்வாளர், கேம்பிரிட்ஜில் தம் மாணவர்களுக்குக் கவிஞர் பெயர் இல்லாமல் கவிதைகளைக் கொடுத்துக் கருத்துரை எழுதித் தரச் சொன்னார். அப்படி 13 கவிதைகளுக்கு வந்த உரைகளை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1929-இல் வெளிவந்தது. பெயர் தெரிந்திருந்தால் கைகூப்பியிருக்கக்கூடிய கவிதைகளை மாணவர்கள் உதறியிருந்தார்கள். எளிதில் கரைய வைக்கும் சாதாரணக் கவிதைகளைப் போற்றியிருந்தார்கள். இதைவிட முக்கியமாக அவர் கண்டது வேறொன்று: பலருக்குக் கவிதையின் நேர்ப்பொருளே, நம் வழக்கில் சொன்னால் பொழிப்பே, பிடிபட்டிருக்கவில்லை. பெயரின் ஒளி இருந்திருந்தால் அந்தக் குறை வெளியே தெரிந்திருக்காது.

ஆயினும் பின்னணி அறியாமல் முழுமை பெறாத கவிதைகள் உண்டு. புறநானூற்றின் 112-ஆம் பாடல், "அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்" என்பது, அதற்குச் சரியான சான்று. எந்தக் குறிப்பும் இல்லாமல் வாசித்தாலும், போன நிலவுக்கும் இந்த நிலவுக்கும் நடுவே தந்தையும் குன்றும் போய்விட்டன என்பது எவருக்கும் கேட்கும். அந்த இழப்பு வட்டத்தில் இறங்கியபின், இது பாரி மகளிர் பாடியது என்றும், பாரியை மூவேந்தரும் போரில் வெல்ல முடியாமல் வஞ்சித்துக் கொன்றனர் என்பது மரபு என்றும் சொல்லுங்கள். அதன் பிறகு "வென்றெறி முரசின் வேந்தர்" என்னும் தொடரை மறுபடி வாசித்தால், வென்று அறைந்த முரசு என்பது புகழ்ச்சியாக ஒலிக்காது. பழைய உரைகாரரும் அதை இகழ்ச்சிக் குறிப்பு என்றே எழுதுகிறார். குறிப்பை முதலிலேயே கொடுத்திருந்தால், அந்தத் தொடர் தலைகீழாகப் புரளும் கணத்தை உங்கள் வட்டம் இழந்திருக்கும்.

கேள்வி: ஒரு கவிதைக்கு அவரவர் கொள்ளும் பொருளே சரியானது என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் கூடிப் பேசுவதில் என்ன பயன்?

பதில்: திருக்குறளுக்குப் பழைய உரையாசிரியர்கள் பதின்மர் என்பது மரபு. அவர்களுள் மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதி, காலிங்கர், பரிமேலழகர் ஆகிய ஐவரின் உரைகள் இன்று கிடைக்கின்றன. பல குறள்களில் அவர்கள் மாறுபடுகிறார்கள். ஆனால் "எனக்கு அப்படித் தோன்றியது" என்பது அவர்கள் தரும் காரணம் அன்று. சொல்லையும் தொடரையும் காட்டித்தான் மாறுபடுகிறார்கள்.

37-ஆம் குறளைப் பாருங்கள்: "அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை." அறத்தின் பயன் இதுவென்று நூல்களைக் கொண்டு உணர்த்த வேண்டியதில்லை, பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் கண்ணால் கண்டே உணரலாம் என்பது பரிமேலழகர் உரை. சுமப்பவனுக்கும் ஊர்பவனுக்கும் இடையிலுள்ள இந்த நிலையைக் காட்டி, இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே என்று இக்காலத்தவர் சிலர் பொருள் கொள்கின்றனர். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இந்த இரண்டு பொருள்களும் "என வேண்டா" என்னும் தொடரை எப்படிக் கொள்வது என்பதிலிருந்தே பிறக்கின்றன. இரண்டுக்கும் குறளில் கால் ஊன்ற இடம் இருக்கிறது. பல்லக்கு என்பது இங்கே உடலின் உருவகம், ஊர்பவன் உயிர் என்று மூன்றாமவர் ஒருவர் சொன்னால், கேட்கச் சுவையாக இருக்கலாம். ஆனால் அப்போது சுமப்பவன் யார் என்று கேளுங்கள். விடை வராவிட்டால் அந்தப் பொருள் விழுந்துவிடும். இந்தத் தாங்குதிறன் சோதனையைத் தனியாக அமர்ந்து செய்வது கடினம், ஏனென்றால் தான் கண்ட பொருளிடம் எவருக்கும் இளகிய மனம்தான்.

கேள்வி: உறுப்பினர்கள் தாங்களே எழுதிய கவிதைகளையும் கொண்டுவருகிறார்கள். குறை சொன்னால் வருந்துகிறார்கள். சொல்லாவிட்டால், கருத்தே வரவில்லை என்று அதற்கும் வருந்துகிறார்கள்.

பதில்: முதலில், பிறர் கவிதை வாசிக்கும் கூட்டத்தையும் சொந்தக் கவிதைக் கூட்டத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அமர்வில் இரண்டும் வந்தால், சங்கப் பாடலைப் பேசி முடித்த சூட்டில் நேற்று எழுதப்பட்ட கவிதையை நிறுத்துப் பார்ப்பது நடந்துவிடும். அது எழுதியவருக்குச் செய்யும் அநீதி.

ஐக்கூ என்னும் குறுங்கவிதை எழுதும் ஜப்பானியர் "குகாய்" என்றொரு கூட்டம் நடத்துவார்கள். பங்கேற்போர் தம் கவிதைகளைப் பெயரின்றிச் சிறு தாள்களில் எழுதித் தருகிறார்கள். அவை கலைக்கப்பட்டு, கையெழுத்துக்கூட அடையாளம் காட்டாதபடி வேறொருவரால் படியெடுக்கப்பட்டு, சுற்றுக்கு விடப்படுகின்றன. ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்தவற்றைத் தேர்கிறார்கள். தேர்ந்தவை உரக்க வாசிக்கப்பட்டபின் எழுதியவர் தம் பெயரைச் சொல்கிறார். தலைமைக் கவிஞரின் கவிதையும் புதியவரின் கவிதையும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில் நிற்பதே இதன் அழகு. சற்றே நீண்ட கவிதைகளுக்கும் இந்த முறையைத் தட்டச்சுப் படிகளைக் கொண்டு எளிதாகப் பின்பற்றலாம்.

அது இயலாதபோது இரண்டு வழக்கங்களையாவது கடைப்பிடியுங்கள். எழுதியவர் தம் கவிதையைத் தாமே வாசிக்காமல், வேறொருவரை வாசிக்கச் சொல்லட்டும். தாம் எழுதியதில் இன்னொருவரின் நாக்கு இடறும் இடத்தை அவர் தம் காதாலேயே கேட்டுவிட்டால், பிறர் குறை சொல்ல வேண்டிய தேவை பாதியாகக் குறைந்துவிடும். மற்றது, பேச்சு முடியும் வரை அவர் விளக்கம் தரக் கூடாது. "நான் சொல்ல வந்தது என்னவென்றால்" என்று அவர் தொடங்கிவிட்டால், வட்டம் கவிதையை விட்டுவிட்டு அந்த விளக்கத்தை வாசிக்கத் தொடங்கிவிடும். கருத்துச் சொல்பவர்களும் "நீங்கள் தனிமையில் வாடுகிறீர்கள்" என்று எழுதியவரைப் பேசாமல், "இதில் பேசுகிறவர்" என்று கவிதைக்குள் இருக்கும் குரலைப் பேச வேண்டும். இன்னொன்று: வரியைத் திருத்தி எழுதித் தர வேண்டாம். தொய்வைச் சுட்டலாம், தைப்பது அவர் வேலை.

கேள்வி: பழம்பாடல்களை அச்சில் உள்ளபடி வாசித்தால் பொருள் புரியவில்லை, சந்தி பிரித்து வாசித்தால் ஓசை கெடுகிறது. புதுக்கவிதையிலோ வரி முடியும் இடத்தில் நிறுத்துவதா, தொடர்வதா என்று தெரியவில்லை.

பதில்: பழம்பாடலுக்கு இரண்டு வாசிப்பு என்னும் விதி இங்கேயும் கைகொடுக்கிறது. முதல் வாசிப்பு சீர்களின்படி இருக்கட்டும். "யாரா கியரோ" என்று அச்சிட்டிருப்பது சொல் பிரிப்பு அன்று, சீர் பிரிப்பு. அதை அந்த நடையிலேயே வாசித்தால்தான் ஆசிரியப்பாவின் ஓசை காதில் விழும். இரண்டாம் வாசிப்பில் "யார் ஆகியரோ" என்றும், "செம்புலப் பெயனீர்" என்பதைச் "செம்புலப் பெயல் நீர்" என்றும் பிரித்து வாசியுங்கள். வாசிப்பவர் முதல்நாளே பிரித்துக் குறித்துக்கொண்டு வர வேண்டும். கூட்டத்தில் தடுமாறிக்கொண்டே பிரிப்பது எல்லாருடைய பொறுமையையும் சோதிக்கும்.

புதுக்கவிதையில், சி. சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து' இதழின் காலத்திலிருந்தே, யாப்பு செய்துவந்த வேலையில் ஒரு பகுதியை வரி முறிப்பு ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே வரி முடிவில் முற்றுப்புள்ளிக்குரிய நிறுத்தம் வேண்டாம். ஒரு கண் இமைப்பு போதும். அந்த இமைப்பில் கேட்பவர் அடுத்த சொல்லை ஊகிப்பார். கவிஞர் அந்த ஊகத்தைப் பொய்யாக்குகிறாரா, மெய்யாக்குகிறாரா என்பதில்தான் பல புதுக்கவிதைகளின் உயிர் இருக்கிறது. எந்த வரியில் இமைத்தாலும் எதுவும் நிகழவில்லை என்றால், அது உரைநடையை மடக்கி எழுதியது என்று அஞ்சாமல் சொல்லலாம்.

கேள்வி: மொழிபெயர்ப்புக் கவிதைகளை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், கிடைத்தால் ஒரே கவிதையின் இரண்டு மொழிபெயர்ப்புகளைச் சேர்த்து வையுங்கள். ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1686-இல் எழுதிய தவளைக் கவிதையில் குளத்தில் குதிப்பது ஒரு தவளையா, பலவா என்பதை ஜப்பானிய மொழி தெளிவாக்குவதில்லை. தமிழிலும் தவளை என்பது பால்பகா அஃறிணைப் பெயர்தான். ஆனால் குதித்தது, குதித்தன என்று வினைமுற்று வந்தவுடன் எண்ணிக்கை தெரிந்துவிடும். "குதிக்க" என்று எச்சமாக விட்டால் தப்பிக்கலாம். இதைப் பேசத் தொடங்கினால் உங்கள் வட்டத்தில் இலக்கணமும் கவிதையும் ஒரே பலகையில் வந்து அமர்ந்துவிடும்.

கேள்வி: கவிதைகளை நகலெடுத்து எல்லாருக்கும் கொடுப்பது சரியா?

பதில்: பழம்பாடல்களின் மூலத்துக்குத் தடை ஏதும் இல்லை. அண்மைக்காலக் கவிஞர்களின் படைப்புகளுக்குப் பதிப்புரிமை உண்டு. 1886-இல் உருவான பெர்ன் என்னும் பன்னாட்டுப் பதிப்புரிமை உடன்படிக்கை, அதன் இன்றைய வடிவில், ஆசிரியர் மறைந்து குறைந்தது 50 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்க வேண்டும் என்கிறது, பல நாடுகள் அதைவிடக் கூடுதலாகவே வைத்திருக்கின்றன. ஒரு கவிதையைச் சில பேர் கூடிப் பேசுவதற்கு நகலெடுப்பதற்கும், தொகுப்பு முழுவதையும் நகலெடுத்துச் சுற்றுக்கு விடுவதற்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. பின்னதைச் செய்யாதீர்கள். தொகுப்பை வாங்குங்கள், கவிதைத் தொகுப்புகளை வாங்குவோர் மிகவும் குறைவு.

கேள்வி: நான் இரண்டு ஆண்டுகளாக ஒரு வட்டத்துக்குப் போய்வருகிறேன். ஒருமுறைகூடப் பேசியதில்லை. கேட்பதே எனக்கு நிறைவாக இருக்கிறது. ஆனாலும், பேசாமல் இருப்பது மற்றவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு திருப்பித் தராமல் போவது போலாகுமோ என்று உறுத்துகிறது.

பதில்: கவனமாகக் கேட்கும் ஒருவர் எதிரில் இருந்தால் பேசுபவர் சொற்களைத் தேர்ந்து பேசுவார், நீங்கள் திருப்பித் தந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். உறுத்தல் வேண்டாம்.

ஆனால் நன்னூலின் பொதுப்பாயிரம், கற்பவனைப் பற்றிச் சொல்லும் ஒரு கணக்கை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் கிடைப்பது கால் பங்குதான்; உடன் பயில்வாரோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால் பங்கு; மீதி இரண்டு கால்களும் தானே பிறருக்கு எடுத்துரைக்கும்போது வந்து சேரும் என்கிறது அது. கணக்கின் துல்லியத்தை விட்டுவிடுவோம். இரண்டு ஆண்டுகளாக நீங்கள் கேட்டவற்றில் பல, உங்கள் வாயிலிருந்து வெளிவரும் வரை உங்களுக்கே தெரியாத வடிவில் உள்ளே கிடக்கின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை.

கருத்துச் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. அடுத்த கூட்டத்துக்கு எந்தக் கவிதை என்று ஒருங்கிணைப்பாளரிடம் முன்னதாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் நான்கைந்து முறை உரக்க வாசித்துப் பாருங்கள். பிறகு, இரண்டாம் வாசிப்பை நீங்கள் செய்வதாக அவரிடம் சொல்லிவிடுங்கள்.